துரையின் பைப்பும் நம் ரப்பரும்

சில மாதங்களுக்கு முன் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். தோட்டத்தில் பிறந்து, பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளை. வயது 24. சாப்பிட்டு முடித்து, அவன் அம்மா அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்தவன், மெல்லக் கேட்டான்: “மாமா, நீங்க முன்ன பைப்பு பிடிச்சீங்கதானே? நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்?”

வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அப்படிச் சொன்னால் கேட்டுக்கொண்டு போகிற பிள்ளை அவன் இல்லை. அவன் மாமனும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தான் என்பது என் தங்கைக்கு நன்றாகவே தெரியும். ஆகவே எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். நல்லதையும் சொன்னேன், என் வாய்க்கு வந்த வினையையும் சொன்னேன். அதையே வாசகர்களாகிய உங்களுக்கும் எழுதுகிறேன். வீட்டுப் பெண்கள், இது ஆம்பிளைகள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

என் தகப்பனார் சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் துரை பங்களாவில் வேலை செய்தவர். அம்மா பால்வெட்டு. 1960களின் தொடக்கம் அது. துரைக்கு ஏழு பைப்புகள். ஒரு மரச்சட்டத்தில் வரிசையாக நிற்கும். நாளுக்கு ஒன்று என்று வாரம் முழுக்கச் சுற்றி வரும். ஒவ்வொரு நாள் காலையிலும் முந்தின நாள் பிடித்த பைப்பைத் துடைத்து, அதன் இடத்தில் நிறுத்தி வைப்பது அப்பாவின் வேலை. சுங்கான் என்பது நம் பெரியவர்கள் வழங்கிய பழைய பெயர். தோட்டத்தில் நாங்கள் எல்லாரும் பைப்பு என்றே சொன்னோம். நானும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

பைப்புக்கு மூன்று பாகம். புகையிலை போடுவது கிண்ணம். அதிலிருந்து நீளுவது மரத்தண்டு. வாயில் வைப்பது கறுப்புக் குழல். கிண்ணமும் தண்டும் ஒரே கட்டையில் கடைந்தவை. குழல் மட்டும் தனி. அதன் முனையில் உள்ள சிறு முளை தண்டின் துளைக்குள் இறுகப் போய் உட்காரும்.

இந்தக் கறுப்புக் குழல் எதனால் ஆனது தெரியுமா? ரப்பரால் ஆனது! ஒரு நாள் துரையே அப்பாவிடம் சொன்னாராம். அப்பா லயத்துக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “நான் விடியக்காலம் எழுந்து வெட்டின பாலா தொர வாயில இருக்கு?” என்று கேட்டு அப்படிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எந்தத் தோட்டத்துப் பால் எந்தக் குழலானது என்று யாராலும் சொல்ல முடியாதுதான். ஆனால் அந்தக் காலத்தில் உலகத்துக்கே ரப்பர் ஏற்றுமதி செய்த பெரிய நாடுகளில் மலாயாவும் ஒன்று. அம்மா கேட்டதில் தப்பில்லை.

சாதாரண ரப்பர் சாமானில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் சேர்ப்பார்கள். அதையே முப்பது பங்கு அளவுக்குச் சேர்த்து நெடுநேரம் வேகவைத்தால், வளையாத, மரம்போல் கடையக்கூடிய, கரிய பொருள் ஒன்று கிடைக்கும். எபோனைட் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் கூட்யர் குடும்பத்தார் 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு வழி கண்டார்கள். பழைய மைப்பேனாக்களின் உடல், கிளாரினெட்டின் வாய்ப்பகுதி எல்லாம் இதுதான். பல்லுக்கு இதமாக இருக்கும். பிளாஸ்டிக்கைப்போல் பல்லை உறுத்தாது. ஆனால் இதற்கு வெயில் பகை. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் கந்தகம் மேலே வந்து, கறுப்பு நிறம் பச்சைப் பழுப்பாகிவிடும். வாயில் வைத்தால் கசக்கும். நனைந்தால் கந்தக வாடை அடிக்கும். பழைய பைப்பு ஒன்றை எங்காவது பார்த்தால் குழல் பாசி பிடித்ததுபோல் இருக்கிறதே என்று அருவருக்காதீர்கள். அது அழுக்கு அல்ல. ரப்பரின் மூப்பு அது.

இனி மரம். பெரும்பாலான நல்ல பைப்புகள் பிரையர் என்ற கட்டையில் செய்தவை. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளில் வறண்ட மலைச்சரிவில் வளரும் ஒரு புதர்ச்செடி அது. இத்தாலி, கோர்சிகா, கிரீஸ், அல்ஜீரியா எல்லா இடத்திலும் உண்டு. தண்டுக்கும் வேருக்கும் நடுவில், மண்ணுக்குள், பூசணிபோல் ஒரு முண்டு திரளும். அந்த முண்டு பைப்புக்கு ஆகும் அளவுக்குத் திரள முப்பது ஆண்டுக்கு மேல் செல்லும். நம் பால்மரத்தை நட்டு, ஆறேழு ஆண்டு வளர்த்து, வெட்டி, 25, 30 ஆண்டில் சாய்த்துவிடுகிறோம். அந்தப் புதர் அந்த வயதில்தான் வேலைக்கே தயாராகிறது. தோண்டிய முண்டை ஈரம் காயாமல் வைத்து, அறுத்து, பெரிய கொப்பரையில் பல மணி நேரம் வேகவைத்து உள்ளேயுள்ள துவர்ப்பை எடுத்து, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவார்கள். நெருப்பை உள்ளே வைத்தும் எளிதில் எரியாத கட்டை அது. பிரான்சில் சென்ட் குளோட் என்ற மலை ஊர்க்காரர்கள் 1850களில் இதில் பைப்பு கடையத் தொடங்கினார்கள். அதற்கு முன் மண்ணால் செய்தவையும், துருக்கியில் தோண்டி எடுக்கும் மீர்ஷாம் என்ற வெள்ளைக் கல்லில் செதுக்கியவையும்தான் வழக்கம். வெள்ளைக் கல் பைப்பு பிடிக்கப் பிடிக்கத் தேன் நிறமாகும், பார்க்க அழகு, கைதவறினால் போச்சு. முதல் பைப்பாக அது வேண்டாம்.

அப்படியானால் எதை வாங்குவது? என் தங்கை மகன் டன்ஹில் என்றான். குழலின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்குமே, அது. அந்தப் புள்ளி வந்தது பெருமைக்காக அல்ல. குழலின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அடையாளம் காட்ட வைத்தார்கள். பிறகுதான் அதுவே பெருமையாகிவிட்டது. நீ இன்னும் தீக்குச்சி பிடிக்கவே பழகவில்லை, அதற்குள் புள்ளிக்கு ஏன் பணம் கொடுக்கிறாய் என்று கேட்டேன்.

முதன்முதலில் வாங்குகிறவருக்கு மக்காச்சோளத் தக்கையில் செய்த பைப்பே போதும். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் அதைச் செய்கிறார்கள். ஜப்பான்காரன் சரணடைந்தபோது கையெழுத்து வாங்கினாரே ஜெனரல் மெக்ஆர்தர், அவர் படங்களில் வாயில் இருப்பது அந்த வகைதான். விலை குறைவு. புதிதாகவே ஒழுங்காகப் புகையும். பழக்கம் ஒத்துவரவில்லை என்றால் தூக்கிப் போடலாம், மனம் அடித்துக்கொள்ளாது.

பிரையர்தான் வேண்டும் என்றால் கடையில் மூன்று காரியம் செய்யுங்கள். ஒரு மெல்லிய பஞ்சுக்கம்பியைக் கேட்டு வாங்கி குழல் வழியாக விடுங்கள். தடையில்லாமல் கிண்ணத்தின் அடிவரைக்கும் வர வேண்டும். கிண்ணத்துக்குள் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். புகைத்துளை சரியாக அடித்தளத்தில், நடுவில் திறக்க வேண்டும். மேலே ஏறியிருந்தால் அடியில் எப்போதும் ஈரப் புகையிலை தேங்கும். எத்தனை ஆண்டு பிடித்தாலும் அந்தக் குறை போகாது. பிறகு கையில் வைத்து எடை பாருங்கள். ஐம்பது கிராமுக்கு மேல் போனால் தாடை வலிக்கும். கட்டையின் மேல் சிறு ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்திருப்பார்கள். ஒன்றிரண்டு இருந்தால் கண்ணுக்குத்தான் குறை, புகைக்குக் குறை இல்லை. நேர்க்குழலா வளைந்த குழலா என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வளைந்தது பல்லில் சும்மா தொங்கும். நேரானதைச் சுத்தம் செய்வது எளிது. புதியவருக்கு நேரானதே நல்லது என்பது என் கட்சி.

புதுப் பிரையரை வாங்கியதும் வாய்முட்ட நிரப்பிப் புகைக்கக் கூடாது. முதல் சில தடவை மூன்றில் ஒரு பங்கு, பிறகு பாதி, பிறகு முழுதும். மெதுவாக உட்சுவரில் ஒரு கரிப்படலம் படியும். அதுதான் கட்டைக்குக் கவசம். ஒரு காசு கனத்துக்கு மேல் வளரவிட்டால் சூட்டில் கரி விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடும்.

நிரப்புவதற்கு மூன்று சிட்டிகை. முதல் சிட்டிகையைக் குழந்தை கையால் அமுக்குவதுபோல், இரண்டாவதைப் பெண் கையால்போல், மூன்றாவதை ஆண் கையால்போல் அமுக்க வேண்டும் என்பது பைப்புக்காரர்கள் வழிவழியாகச் சொல்வது. துரையும் அதையே சொன்னாராம். காண்டா வாளி சுமந்த எங்கள் அம்மாவின் கை அவருக்குத் தெரியாது. நம் தோட்டத்து வீடுகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றித்தான் சொல்ல வேண்டும்!

தீக்குச்சி கிழித்ததும் மருந்து எரிந்து தீரட்டும். பிறகு கிண்ணத்தின்மேல் வட்டமாகக் காட்டுங்கள். மேல்புகையிலை பொங்கி எழும். அதை மெல்ல அமுக்கிவிட்டு இரண்டாவது குச்சி. அதன்பின் வேலையெல்லாம் மெதுவாக இழுப்பதுதான். அணைந்தால் அணையட்டும், திரும்பப் பற்றவைக்கலாம். அவசரப்பட்டு இழுத்தால் புகையிலையில் உள்ள ஈரம் ஆவியாகி நாக்கைச் சுடும். எனக்கு முதல் வாரம் ரசம்கூட உள்ளே இறங்கவில்லை.

பராமரிப்பில்தான் பைப்பின் ஆயுள் இருக்கிறது. இங்கேதான் நான் அடிபட்டுப் படித்தேன்.

துரை 1960களின் நடுவில் சீமைக்குத் திரும்பியபோது ஏழில் ஒன்றை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதைப் புகைத்ததே இல்லை. துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். 1980ல் நான் வேலைக்குப் போன புதிதில், வெளியே எடுத்துப் பிடிக்கத் தொடங்கினேன். ஒரு நாள் புகைத்து முடித்த கையோடு, சூடு ஆறாமல் குழலைத் திருகினேன். டக்கென்று ஒரு சத்தம். மரத்தண்டு வாயோரம் கீறல் விட்டுவிட்டது. சூட்டில் முளை பருத்திருக்கும். அப்போது திருகினால் தண்டு பிளக்கும். பங்களாவில் இத்தனை ஆண்டு ஏழு பைப்பைக் கையாண்டு ஒன்றில்கூடக் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டவர் அப்பா. அவர் என்னைத் திட்டவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தாமே பட்டணத்துக்குப் போய், நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் கொடுத்து, அந்த இடத்தில் ஒரு மெல்லிய வெள்ளி வளையம் இறுக்கி வாங்கி வந்தார். இன்றுவரை அந்தக் கீறல் நீளவில்லை.

ஆகவே, புகைத்து முடித்தால் முழுக்க ஆறவிடுங்கள். ஒரு மணி நேரம் போகட்டும். பிறகு குழலை ஒரே பக்கமாக, வலஞ்சுழியாகத் திருகிக் கழற்றி, பஞ்சுக்கம்பியைக் குழலிலும் தண்டிலும் விட்டு எடுங்கள். கறுப்பாக வரும், வெள்ளையாக வரும்வரை இரண்டு மூன்று கம்பி. சாம்பலைக் கொட்ட மேசை விளிம்பில் தட்டாதீர்கள். குழல் அந்த அதிர்ச்சியிலேயே முறியும். பிடித்த பைப்புக்குக் குறைந்தது ஒரு நாள் ஓய்வு வேண்டும். துரை ஏன் ஏழு வைத்திருந்தார் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? நமக்கு இரண்டு போதும், மாற்றி மாற்றி.

சீமைக்காரர் எழுதிய குறிப்புகளில் புகையிலை காயாமல் இருக்க டின்னுக்குள் ஒரு துண்டு ஆப்பிள் போடச் சொல்வார்கள். அது நம் ஊருக்கு ஆகாது. இங்கே காற்றிலேயே ஈரம். ஆப்பிள் போட்டால் நான்கு நாளில் பூசணம் பூக்கும். பைப்பைக்கூடப் பல வாரம் மூடிய டப்பாவில் போட்டுவைத்தால் கிண்ணத்துக்குள் வெள்ளையாகப் பூத்திருக்கும். காற்றோட்டமான, வெயில் படாத இடமே சரி. நாறிப்போன பைப்புக்கு ஒரு வைத்தியம் உண்டு. கிண்ணத்தில் உப்பை நிரப்பி, சுத்தமான சாராய ஸ்பிரிட் சில சொட்டு விட்டு, ஒரு இரவு வைத்துவிடுங்கள். காலையில் உப்பு தேயிலைச் சக்கை நிறத்தில் இருக்கும். தாரை எல்லாம் அது இழுத்துக்கொள்ளும். கொட்டித் துடைத்து இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். வெளிப்புற மெருகில் ஸ்பிரிட் படக் கூடாது. பட்டால் மெருகு போய்விடும்.

பச்சை பூத்த குழலுக்கு, தண்ணீரில் தோய்த்த மிக நைசான உப்புத்தாள், பிறகு பற்பசை, பிறகு துணி. பொறுமையாகத் தேய்த்தால் கறுப்பு திரும்பும். கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்துவிட வேண்டும். அப்பா தேங்காய் எண்ணெயே பூசுவார். துரைக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

இனிச் சொல்லப் போவதை என் தங்கை மகன் அவ்வளவு ஆர்வமாகக் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

பைப்புப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகையால் கெடுதல் இல்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. நானும் அதை நம்பித்தான் 16 ஆண்டு பிடித்தேன். உண்மை அதுவல்ல. புகையில் உள்ள நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறும், பழக்கம் பிடித்துக்கொள்ளும். உதடு, நாக்கு, தொண்டை, நுரையீரல் எல்லா இடத்திலும் புற்று வரும் வாய்ப்பு பைப்புக்காரருக்கும் உண்டு. இது புதுச் செய்தியும் அல்ல. 1795லேயே சோமரிங் என்ற ஜெர்மானிய மருத்துவர், பைப்பு பிடிப்பவர்களுக்குக் கீழுதட்டில் புற்று வருவதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

1996ல் ஒரு பல்லைப் பிடுங்கப் போனேன். பல் டாக்டர் பல்லை விட்டுவிட்டு நாக்கின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே விரல்நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் படை. தேய்த்தாலும் போகவில்லை. வலி இல்லை, அதனால் எனக்குத் தெரியவே தெரியாது. சிறிது வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை இருந்த நாட்களில் என் மனைவி என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. புற்று இல்லை என்று வந்தது. அன்றைக்கு பைப்பைக் கழுவித் துடைத்து, அப்பாவின் டிரங்குப் பெட்டியில் திரும்ப வைத்தேன். எல்லாருக்கும் அப்படி நல்ல முடிவாக வருவதில்லை.

பெண்களுக்கு வேலை இருக்கிறது என்றேனே, அது இதுதான். மலேசியாவில் வாய்ப்புற்று மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடையேதான் அதிகம். வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் வழக்கம் அதற்கு முக்கியக் காரணம். அதைப் போடுகிறவர்களில் பாட்டிமார் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். மாதம் ஒரு முறை விளக்கு வெளிச்சத்தில், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் எல்லாருடைய வாயையும் பாருங்கள். நாக்கின் ஓரம், நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம். வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ இருந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், வலி இல்லையே என்று விட்டுவிடாமல் அரசாங்கப் பல் மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 2019 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக் கூடாது. 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்களுக்குப் புகைப்பொருள் விற்பது குற்றம். சிங்கப்பூரில் 2021 முதல் அந்த வயது 21. பைப்பு என்பதால் விதிவிலக்கு கிடையாது.

என் தங்கை மகன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். சோளத்தக்கை பைப்பு ஒன்றை வாங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும், வீட்டுக்கு வெளியே, ஒரு கிண்ணம் என்று அவன் அம்மாவிடம் பேச்சு. அதுவும் எத்தனை நாளைக்கோ! மூன்று மாதத்துக்கு ஒரு முறை பல் டாக்டரிடம் வாயைக் காட்ட வேண்டும் என்று நானும் ஒரு பேச்சு வாங்கியிருக்கிறேன். முதல் தடவை நானே கூட வந்து உட்கார்ந்தேன்.

சென்ற வாரம் வந்தபோது தாத்தாவின் பைப்பைப் பார்க்க வேண்டும் என்றான். பெட்டியைத் திறந்து கொடுத்தேன். குழலை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தான். “பாட்டி வெட்டின பாலா மாமா?” என்று கேட்டான். இருக்கலாம் என்றேன். பிறகு வாசலில் போய்த் தன் பைப்பைப் புகைத்து முடித்து, சூடு ஆறுமுன் குழலைத் திருகப் போனான். கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன்.